முதலில் வந்தது சளியா, குறுகிய குழாயா? கைக்குழந்தையின் வீசிங் பற்றி ஒரு விரிவான பதில்

ஒரு இளம் தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 8 மாதம். பிறந்ததிலிருந்து மூன்று முறை சளி பிடித்து, மூன்று முறையும் வீசிங்கில் போய் முடிந்திருக்கிறது. ஒரு தடவை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து நெபுலைசர் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் “வளர வளரச் சரியாகிவிடும்” என்கிறார். மாமியார் “எங்கள் பக்கம் யாருக்கும் இளைப்பு கிடையாதே” என்கிறார். இது ஆஸ்துமாவா? முதல் தடவை வந்த சளிதான் நுரையீரலைக் கெடுத்துவிட்டதா? இவ்வளவு சின்னக் குழந்தைக்கு நுரையீரலை அளந்து பார்க்க வழி உண்டா? கடைசியாக ஒரு வரி: “வயிற்றில் இருக்கும்போது நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?”

நான் டாக்டர் இல்லை. நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாகப் பல வருடம் வேலை பார்த்த ஆள். உங்கள் மகனுக்கு என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை அவனைக் கையில் பிடித்துப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி, அதாவது சளி முந்தியா, பலவீனம் முந்தியா என்பது, கைக்குழந்தைகளின் நுரையீரல் ஆராய்ச்சியின் நடுநாயகமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போனவர்கள் நாற்பது வருடத்துக்கும் மேலாக ஒரே பிள்ளைகளின் பின்னால் நடந்திருக்கிறார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

அளக்கும் விஷயத்தை முதலில் சொல்கிறேன். எங்கள் கூடத்தில் இருப்பது ஸ்பைரோமீட்டர், ஊதும் காற்றை அளக்கும் கருவி. ஆறு வயதுப் பிள்ளை வந்தால் மூக்கில் கிளிப் மாட்டி, “நல்லா இழு... இப்ப ஊது, ஊது, ஊது, இன்னும் ஊது, விடாதே” என்று பக்கத்தில் நின்று கத்துவோம். திரையில் மெழுகுவர்த்திகள் எரியும். ஊத ஊத அணையும். அதற்கே சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வருகை தேவைப்படும். சொன்னதைக் கேட்டு ஊதுகிற வயது வந்தால்தான் இந்தச் சோதனை. எட்டு மாதக் குழந்தையிடம் “ஊது” என்று யார் சொல்வது?

அந்த இடத்தில்தான் ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலம் மாட்டிக்கொண்டு நின்றார்கள். 1978-இல் ஆட்லர், வோல் என்ற இருவர் பிறந்த குழந்தைகளிடம் செய்து காட்டிய ஒரு வழி பாதையைத் திறந்தது. குழந்தை ஊதாவிட்டால், வெளியிலிருந்து மெல்ல அழுத்தி மூச்சை வெளியே வர வைக்கலாம் என்பதுதான் யோசனை. பிற்பாடு அது இப்படி அமைந்தது: குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுத்து உறங்க வைக்கிறார்கள். மார்பையும் வயிற்றையும் சுற்றி, காற்றடைக்கக்கூடிய சட்டை போன்ற உறை. மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி, அதில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி. குழந்தை மூச்சை உள்ளே இழுத்து முடிக்கும் அந்த நொடியில் உறைக்குள் சட்டென்று காற்று பாயும். உறை குழந்தையை இறுக்கிக் கட்டிப்பிடித்தாற்போல் அழுத்தும். நுரையீரலில் இருக்கும் காற்று வேகமாக வெளியேறும். குழந்தை உறங்கிக்கொண்டே இருக்கும்.

அப்படி வெளியேறும் காற்றின் வேகத்தை, மூச்சுவிட்டு முடித்த பிறகு இயல்பாக மிஞ்சி நிற்கும் அளவுக்கு நுரையீரல் வருகிற புள்ளியில் குறித்துக்கொள்வார்கள். நுரையீரலுக்குள் இருக்கும் சிறிய மூச்சுக்குழாய்கள் அகலமாக இருந்தால் வேகம் அதிகம், குறுகலாக இருந்தால் குறைவு. இளநீர் ஸ்ட்ராவை விரலால் கொஞ்சம் நசுக்கி உறிஞ்சிப் பாருங்கள், புரியும். கணக்கு கொடுமையானது: குழாயின் குறுக்களவு பாதியானால் அதில் காற்று சீராக ஓடுவதற்கு உண்டாகும் தடை இரண்டு மடங்கு ஆகாது, பதினாறு மடங்கு ஆகும். கைக்குழந்தைக்குச் சளி வந்தால் ஏன் உடனே “ஈர் ஈர்” என்று இழுக்கிறது, அதே வைரஸ் உங்களுக்கு வந்தால் ஏன் வெறும் மூக்கொழுகலோடு போய்விடுகிறது என்பதற்கு இதுதான் காரணம். உங்கள் குழாயில் அரை மில்லிமீட்டர் வீங்கினால் உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

சரி, இப்போது அந்த ஆய்வுக்கு வருகிறேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்று ஒரு பாலைவன நகரம். அங்கே லின் டௌசிக் என்ற குழந்தை நல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1980-இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். 1984 வரை பிறந்த ஆரோக்கியமான 1246 குழந்தைகளைப் பெற்றோர் சம்மதத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். நோயாளிகளைத் தேடிப் போகவில்லை. நோயே வராத பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பிறகு எந்தப் பிள்ளைக்கு எப்போது நெஞ்சுச்சளி வருகிறது, யாருக்கு இழுக்கிறது என்று வருடக்கணக்கில் குறித்துக்கொண்டே வந்தார்கள்.

இதில் அருமை எங்கே இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இரண்டு மூன்று மாத வயதிலேயே, முதல் நெஞ்சுச்சளி வருவதற்கு முன்பே, நுரையீரலை அளந்துவைத்தார்கள். இந்த “முன்பே” என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு பாடும். ஏனென்றால் அதுவரை எல்லோரும் அளந்தது நோய் வந்த பிறகு. நோய் வந்த பிள்ளையின் நுரையீரல் பலவீனமாக இருக்கிறது என்று கண்டால், நோய்தான் கெடுத்தது என்று முடிவு கட்டுவது இயல்பு. உங்கள் மனதில் ஓடுவதும் அதுதானே.

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. அங்கே 1911-லிருந்து, வீடு வீடாகப் போகும் செவிலியர்கள் ஒவ்வொரு குழந்தையின் பிறந்த எடையையும் ஒரு வயது எடையையும், இடையில் வந்த நோய்களையும் பதிவேட்டில் எழுதிவந்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற ஆய்வாளரின் குழு அந்தப் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்து, அதில் பெயர் இருந்த ஆண்களை அறுபது வயதை ஒட்டிய பருவத்தில் தேடிப்பிடித்து ஊத வைத்தது. 1991-இல் முடிவு வெளிவந்தது. ஒரு வயதுக்குள் நிமோனியாவோ மூச்சுக்குழாய் அழற்சியோ வந்தவர்கள், அறுபது வருடம் கழித்தும், முதல் ஒரு நொடியில் ஊதும் காற்றில் சராசரியாக 0.17 லிட்டர் குறைவாக ஊதினார்கள். பிறந்த எடை குறைந்தவர்களும் குறைவாகவே ஊதினார்கள். ஒரு செவிலியர் பேனாவால் எழுதிய வரி அறுபது வருடம் கழித்து ஒருவருடைய மூச்சில் தெரிகிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்தப் பதிவேட்டால் ஒன்றைச் சொல்ல முடியாது: நிமோனியா வந்து குழாய் கெட்டதா, கெட்ட குழாயில் நிமோனியா வந்து உட்கார்ந்ததா?

டூசான்காரர்களால் சொல்ல முடிந்தது. 1988-இல் ஃபெர்னாண்டோ மார்ட்டினெஸ் முதல் பெயராக வெளிவந்த கட்டுரையில், நோய் வருமுன் அளக்கப்பட்ட 124 குழந்தைகளின் கணக்கு இருந்தது. காற்று சுலபமாக ஓடும் தன்மை யாருக்கெல்லாம் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருந்ததோ, அந்தக் குழந்தைகளுக்கு முதல் வருடத்தில் வீசிங்கோடு கூடிய நெஞ்சுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.7 மடங்கு. எண்ணிக்கை சிறியது, அதனால் அந்த 3.7 என்ற எண்ணைக் கல்லில் எழுதியதாகக் கொள்ள வேண்டாம். ஆனால் திசை தெளிவானது. குறுகிய குழாய் முதலில் இருந்தது, சளி பிறகு வந்தது.

அடுத்த கட்டம் 1995-இல். இந்தத் துறையில் ஒருவர் ஒரே ஒரு கட்டுரைதான் படிப்பேன் என்றால் இதைத்தான் கையில் கொடுப்பேன். ஆறு வயது வரை முழுக் கணக்கும் கிடைத்த 826 பிள்ளைகளை நான்காகப் பிரித்தார்கள். பாதிக்குச் சற்று மேல், 51.5 சதவீதம், வீசிங்கே வராதவர்கள். 19.9 சதவீதம் மூன்று வயதுக்குள் வீசிங் வந்து, ஆறு வயதில் இல்லாமல் போனவர்கள். 15 சதவீதம் மூன்று வயதுக்கு மேல் தொடங்கியவர்கள். 13.7 சதவீதம் மூன்றுக்குள்ளும் வந்து ஆறிலும் நீடித்தவர்கள். உங்கள் டாக்டர் “சரியாகிவிடும்” என்று சொல்வது வாய்க்கு வந்த ஆறுதல் இல்லை. மூன்று வயதுக்குள் வீசிங் வந்த பிள்ளைகளில் ஐந்தில் மூன்று பேருக்கு ஆறு வயதில் அது இல்லை.

இன்னும் சுவாரசியமானது அந்த இரண்டு கூட்டத்துக்கும் இருந்த வித்தியாசம். வந்து போனவர்களுக்குப் பிறந்த சில மாதத்திலேயே, நோய் வருமுன்பே, காற்றின் வேகம் குறைவு. அவர்களுடைய தாய்மார்களில் புகைபிடித்தவர்கள் அதிகம். ஆனால் ஆஸ்துமாக் குடும்பமோ ஒவ்வாமையோ அதிகமாக இல்லை. நீடித்தவர்களோ நேர்மாறு. முதல் வருடத்தில் அளந்தபோது அவர்களுடைய நுரையீரல் மற்றவர்களைப் போலவே இருந்தது. ஆறு வயதில் அளந்தபோதுதான் குறைந்திருந்தது. அவர்களுடைய தாய்மார்களுக்கு ஆஸ்துமா இருந்தது அதிகம்; பிள்ளைகளின் ரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் புரதமும் அதிகம். அதாவது வெளியே கேட்கும் சத்தம் ஒன்றுதான், உள்ளே நடப்பது இரண்டு வேறு விஷயம். ஒன்று, பிறவியிலேயே சற்றுக் குறுகலான குழாய். பிள்ளை வளர, குழாயும் வளர, சளி வந்தாலும் அடைக்காத அளவுக்கு அகலமாகிவிடும். இன்னொன்று ஒவ்வாமையோடு சேர்ந்து மெல்ல மெல்ல உருவாகும் ஆஸ்துமா.

மாமியார் சொன்ன “எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை” என்பது, உண்மையானால், உங்களுக்கு ஆறுதலான செய்தி. அவரோடு சண்டை போட வேண்டாம். உங்கள் பக்கத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இதே டூசான் தரவிலிருந்து 2000-இல் ஒரு எளிய கணிப்பு முறையும் வந்தது. இன்றும் டாக்டர்கள் மனதுக்குள் போட்டுப் பார்ப்பது. மூன்று வயதுக்குள் அடிக்கடி வீசிங் வருகிற பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருக்கிறதா, அல்லது பிள்ளைக்கே கரப்பான் போன்ற ஒவ்வாமைத் தோல்நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த இரண்டும் இல்லாவிட்டால், சளி இல்லாத நாளிலும் இழுப்பது, ஒவ்வாமை மூக்கொழுகல், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் கூடியிருப்பது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் பள்ளி வயதில் ஆஸ்துமா தொடரும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட 4 முதல் 10 மடங்கு வரை. எட்டு மாதத்தில் இதை முடிவாகச் சொல்ல முடியாது. அதனால்தான் டாக்டர் ஆஸ்துமா என்ற சொல்லை இன்னும் உங்களிடம் சொல்லவில்லை. மறைப்பதாக நினைக்காதீர்கள்.

ஆனால் “சரியாகிவிடும்” என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. டூசான் பிள்ளைகள் 22 வயது ஆனபோது மறுபடி ஊத வைத்தார்கள். இரண்டு மாத வயதில் அளக்கப்பட்ட 123 பேரின் கணக்கு 2007-இல் வெளிவந்தது. அன்று காற்றின் வேகம் கடைசி கால்வாசியில் இருந்தவர்கள், உயரம், எடை எல்லாம் கழித்துப் பார்த்தாலும், வளர்ந்த பிறகும் முதல் நொடியில் ஊதும் காற்றில் மற்றவர்களைவிடச் சராசரியாக 233 மில்லிலிட்டர் பின்தங்கியே இருந்தார்கள். வீசிங் போய்விடுகிறது, ஆனால் குழாயின் வரிசை மாறுவதில்லை. வகுப்பில் குட்டையாக இருந்த பிள்ளை வளர்ந்தாலும் பெரும்பாலும் குட்டையானவர்கள் வரிசையிலேயே நிற்பதைப் போல.

நார்வேயின் ஓஸ்லோவிலும் இப்படியே கண்டார்கள். அங்கே தூக்க மருந்தும் அழுத்தும் உறையும் இல்லாமல், பிறந்து சில நாளான குழந்தையின் சாதாரண மூச்சையே அளந்தார்கள். மூச்சை வெளியே விடத் தொடங்கியதும் காற்றின் வேகம் ஏறி, உச்சத்தைத் தொட்டு, இறங்கும். அடைப்பு இருந்தால் அந்த உச்சம் சீக்கிரமே வந்துவிடும், பிறகு காற்று மெல்ல மெல்ல வடியும். உச்சம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதுதான் அளவு. 802 குழந்தைகளை அப்படி அளந்து, பத்து வயதில் 616 பேரை மறுபடி பார்த்தார்கள். பிறந்தபோது கீழ்ப்பாதியில் இருந்தவர்களில் 24.3 சதவீதத்தினருக்கும் மேல்பாதியில் இருந்தவர்களில் 16.2 சதவீதத்தினருக்கும் பத்து வயதுக்குள் ஆஸ்துமா வந்திருந்தது. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் இன்னொரு விதமாகவும் இதைப் படியுங்கள்: கீழ்ப்பாதியில் இருந்தும் நான்கில் மூன்று பேருக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிற எண் இது. உங்கள் மகனின் ஜாதகம் இல்லை. ஆராய்ச்சிக்கூடங்களைத் தாண்டி இந்த அளவீடுகள் வழக்கமான சிகிச்சைக்குள் அதிகம் வராததற்கு இதுவே காரணம். அவனுக்கும் இப்போது இது தேவையில்லை. எங்காவது கொண்டுபோய் அளக்க வேண்டுமோ என்று அலைய வேண்டாம்.

அப்படியானால் சளியால் கெடுதலே இல்லையா? இதற்கு இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு பதில் வந்திருக்கிறது. இரண்டையும் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

முதலாவது நெதர்லாந்து. கைக்குழந்தைகளுக்கு வீசிங் வர முதல் காரணமான ஆர்.எஸ்.வி. வைரஸைத் தடுக்கும் எதிர்ப்புப் புரத ஊசி இருக்கிறது, பாலிவிசுமாப் என்று பெயர். 33 முதல் 35 வாரத்தில் பிறந்த 429 குழந்தைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப் பேருக்கு அதையும் பாதிப் பேருக்கு வெறும் ஊசியையும் கொடுத்தார்கள். முதல் வருடத்தில் வீசிங் இருந்த நாட்கள் 61 சதவீதம் குறைந்தன. பிரமாதமான பலன்தான். ஆனால் அதே பிள்ளைகளை ஆறு வயதில் ஊத வைத்தபோது, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நுரையீரல் திறனில் வித்தியாசம் இல்லை. வைரஸ்தான் குழாயைக் கெடுக்கிறது என்றால், வைரஸைத் தடுத்தவர்களின் குழாய் நன்றாக இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இரண்டாவது தென்னாப்பிரிக்கா. கேப் டவுனுக்குப் பக்கத்தில் பார்ல் என்ற ஊர். ஹெதர் ஸார் என்ற பேராசிரியர் தலைமையில், வறுமை மிகுந்த குடியிருப்புகளில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை 2012-லிருந்து தொடர்கிறார்கள். டூசானைவிட, ஓஸ்லோவைவிட, நம் ஊருக்கு நெருக்கமான வாழ்க்கை: புகை, நெரிசல், குறைந்த எடையில் பிறப்பு, கடும் நிமோனியா. அங்கே ஆறு வாரத்தில் தாய்ப்பால் குடித்து இயல்பாகத் தூங்கும் குழந்தையை அளந்து, ஒரு வயதில் மறுபடி அளந்தார்கள். இடையில் நிமோனியா போன்ற கீழ்ச்சுவாச நோய் வந்த குழந்தைகளின் நுரையீரல், தொடக்கத்தில் எப்படி இருந்தது என்பதைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், ஒரு வயதில் பின்தங்கியிருந்தது. அதாவது, கடுமையான நோய் தன் பங்குக்கும் தழும்பை விட்டுத்தான் போகிறது.

என் மனதில் இவை சேர்வது இப்படி. சாதாரண வைரஸ் சளியில் வரும் வீசிங் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் குறுகலைக் காட்டிக்கொடுக்கிறது, புதிதாக உண்டாக்குவதில்லை. நிமோனியா அளவுக்குப் போகும், அதுவும் திரும்பத் திரும்ப வரும் நோய் வேறு. அதை வராமல் தடுப்பதும் வந்தால் உடனே மருத்துவம் பார்ப்பதும் நுரையீரலுக்காகவே செய்ய வேண்டியது. உங்கள் மகனின் முதல் சளி அவன் நுரையீரலைக் கெடுத்துவிட்டது என்று நினைத்து, அன்று ஜன்னலைத் திறந்துவைத்தோமே, விசேஷத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோமே என்று மனதைப் போட்டு அரித்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் கடைசி வரி. குழாய் குறுகலாகப் பிறப்பது ஏன்?

மூச்சுக்குழாய் மரம் கிளைவிடுவது கர்ப்பத்தின் 16, 17-ஆம் வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. வளைகாப்புக்கு வளையல் அடுக்கும்போது அந்த மரத்தின் கிளைகள் எல்லாம் எப்போதோ விரிந்து முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அவை பெரிதாகின்றன, எண்ணிக்கையில் கூடுவதில்லை. காற்றறைகள் அப்படியல்ல. வளர்ந்தவருக்குச் சராசரியாக 48 கோடி என்று எண்ணியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பங்கு பிறந்த பிறகு, குறிப்பாக முதல் இரண்டு மூன்று வருடத்தில் உருவாவது. ஆண் குழந்தைகளுக்கு நுரையீரலின் அளவோடு ஒப்பிட்டால் குழாய் சற்றுக் குறுகல். கைக்குழந்தை வார்டில் வீசிங்கோடு படுத்திருப்பவர்களில் பையன்கள் அதிகமாக இருப்பது அதனால்தான். இதில் எதுவும் எந்தத் தாயின் கையிலும் இல்லை.

கையில் இருப்பவற்றில் மிகத் தெளிவாகத் தெரிந்தது புகை. புகைபிடித்த தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரத்திலேயே காற்றின் வேகம் குறைவு என்பதைப் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஓரிகனில் சிண்டி மெக்கெவாய் என்ற மருத்துவர் இதில் ஒரு அருமையான பரிசோதனை செய்தார். எவ்வளவு முயன்றும் புகையை விட முடியாத கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குத் தினம் 500 மில்லிகிராம் வைட்டமின் சி, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வைட்டமின் சி எடுத்தவர்களின் குழந்தைகளுக்கு நுரையீரல் திறன் மேலாக இருந்தது. ஒரு வயதுக்குள் வீசிங் 21 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் 40 சதவீதம் பேருக்கு. 2014-இல் வந்தது இது. புகையை விடுவதற்கு இது மாற்று இல்லை என்பதை அவர்களே அழுத்திச் சொல்கிறார்கள். புகைபிடிக்காத தாய்க்கு இதைப் பொருத்திப் பார்க்கவும் முடியாது. ஆனால் கருவிலேயே தொடங்கும் ஒன்றைக் கருவிலேயே திருத்தப் பார்க்கலாம் என்று காட்டியதே பெரிய விஷயம்.

நம் ஊரில் பெண்கள் சிகரெட் பிடிப்பது அரிது. இங்கே புகை வேறு வழியில் வருகிறது. ஆப்பிரிக்காவின் கானாவில், விறகடுப்பில் சமைக்கும் கர்ப்பிணிகள் சுவாசிக்கும் கார்பன் மோனாக்சைடை அளந்து, பிறந்த குழந்தையின் நுரையீரலை 30 நாள் வயதில் அளந்தார்கள். தாய் அதிகப் புகை சுவாசித்த குழந்தைகள் வேகமாக மூச்சுவிட்டன. பெண் குழந்தைகளில் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது. தமிழ்நாட்டிலும் இது தொடர்பான பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கர்ப்பிணிகளோடு, குவாட்டமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் சேர்த்து 3200 பெண்கள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். இங்கே அதை நடத்தியது சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணனின் குழு. தாய் சுவாசிக்கும் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 70 மைக்ரோகிராம் என்ற அளவிலிருந்து 24-க்கு இறங்கியது. ஆனால் குழந்தையின் பிறந்த எடையிலோ, முதல் வருடத்தில் வந்த கடும் நிமோனியாவிலோ வித்தியாசம் தெரியவில்லை.

அந்த முடிவு வந்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. நன்றாக வரும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். ஆனால் 24 என்பதும் தூய காற்று இல்லை. உலக சுகாதார அமைப்பு ஆண்டுச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு 5. பக்கத்து வீட்டு விறகுப் புகையும், குப்பை எரிக்கும் புகையும், தெருவின் புகையும் அடுப்பை மாற்றுவதால் போய்விடுவதில்லை. கேஸ் அடுப்பில் சமைப்பது தாய்க்கு எல்லா வகையிலும் நல்லது, சந்தேகமே வேண்டாம். குழந்தையின் நுரையீரலுக்கு அது மட்டும் போதாது என்பதுதான் இந்த ஆய்வு சொன்னது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நீங்கள் சுவாசித்த காற்றை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. குழந்தை எந்தப் பாலினம், குழாயின் அளவு என்ன என்பதையும் நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டில் யாராவது பீடியோ சிகரெட்டோ பிடித்தால், அவர் “வாசலில் நின்றுதான் பிடிக்கிறேன்” என்று சொல்வதை ஏற்க வேண்டாம். சட்டையில் ஒட்டிய புகையோடுதான் பிள்ளையைத் தூக்குகிறார். இது மாமனாராகவோ கணவராகவோ இருந்தால் சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். டாக்டரையே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதை நிறுத்துங்கள். தலையைத் துண்டால் துவட்டினால் போதும். கொசுவத்திச் சுருளுக்குப் பதில் வலை. மூக்கிலோ தொண்டையிலோ எண்ணெய் விடவே கூடாது. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் இருமி வெளியே வராது, அங்கேயே தங்கி நிமோனியா போல அழற்சி உண்டாக்கும். பாட்டிகள் அன்போடு செய்வதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அப்படி வந்த பிள்ளைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்திருக்கிறேன்.

தாய்ப்பாலைத் தொடருங்கள். டாக்டர் நெபுலைசரோ ஸ்பேசர் வைத்த இன்ஹேலரோ எழுதிக்கொடுத்தால், “பழகிவிடும்” என்று யாராவது சொல்வதைக் கேட்டு நிறுத்த வேண்டாம். அரசு அட்டவணைப்படி, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி 6 வாரம், 14 வாரம், பிறகு 9 மாதம். அவனுக்கு அடுத்த மாதம் வருகிறது, தள்ளிப்போடாதீர்கள்; பார்ல் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அளக்க வழி உண்டா என்று கேட்டீர்களே, வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அவன் நன்றாக இருக்கும் ஒரு நாளில், தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது வேண்டாம், கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மூன்று நாள் அப்படி எண்ணினால் அவனுடைய வழக்கம் எவ்வளவு என்று பிடிபடும். சளி பிடித்த நாளில் மறுபடி எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை, அழாமல் அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு வயது தாண்டினால் அந்த எண் 40. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எண்ணியதை மாதக் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் எழுதிவையுங்கள். எந்த நாளில் சளி, எந்த நாளில் இழுப்பு, சளி இல்லாமலே இழுத்த நாள் உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்பதாம் மாத ஊசிக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.